தொலைபேசியில் ஒரு குரல்

ஆக்லாந்தில் ஏழு ஏலங்களுக்குப் போனோம்.
ஏழிலும் முதல் வரிசை நாற்காலி.
இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொள்வான் ஹேமி,
வசதியானவன் போலத் தெரிய வேண்டுமாம்.
வங்கி கொடுத்த கடிதத்தை நான்
பிறந்த குழந்தை மாதிரி அணைத்திருப்பேன்.

பாப்பாடோய்டோய் வீட்டில் கூரை ஒழுகியது.
ஓடஹூஹூ வீட்டில் கூரையே பாதிதான்.
ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துச் சொல்ல வந்த ஆளுக்கு
அறுநூறு டாலர் அழுதோம்.
இன்னொருவர் குடிபுகப்போகும் வீட்டில்
உளுத்துப்போன தூண்கள் எத்தனை என்பது
இன்றைக்கும் எங்களுக்கு மனப்பாடம்.

எலி வளையானாலும் தனி வளை.
சரிதான்.
எலிகள் ஏலத்துக்குப் போவதில்லை.

ஒவ்வொரு முறையும் சுவரோரம்
கருப்புக் கோட்டுப் பெண் ஒருத்தி
காதில் தொலைபேசியோடு நிற்பாள்.
மூச்சைப் பிடித்து நாங்கள் ஐயாயிரம் ஏற்றினால்
அவள் கேட்டுத் தலையசைப்பாள்:
ஐம்பதாயிரம்.
அந்தக் குரலை நாங்கள் கேட்டதே இல்லை.
ஆனாலும் அதற்கொரு முகம் வைத்திருந்தேன்.
ஒரு தங்கப்பல். மடியில் குட்டி நாய்.
நள்ளிரவில் புரண்டு படுத்து அதைச் சபிப்பேன்,
மண்ணாய்ப் போக என்று.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில்
வரைபடத்தை விரலால் தள்ளிக்கொண்டே போனான் ஹேமி.
எங்கள் தீவு முடிந்தது.
நீரிணை. அடுத்த தீவு.
விலை இறங்கியது, கூடவே குளிரும் ஏறியது.
இன்னும் கொஞ்சம் தள்ளினால் பெங்குவின்கள்தான்
என்ற இடத்தில் விரல் நின்றது.
காகித ஆலை மூடிய ஊர்.
மூன்று அறை, ஒரு கொட்டகை.
மாதத் தவணை எங்கள் வாடகையில் பாதி.
ஊர்ப்பெயரை எப்படி உச்சரிப்பது என்று
இருவரும் சண்டை போட்டோம், சிரித்துக்கொண்டு.

நேரில் போய்வர விமானக் காசு இல்லை.
மருத்துவமனையின் சலவை அறையில்,
உலர்த்தும் எந்திரங்கள் இரைய,
ஒரு காதைப் பொத்திக்கொண்டு சொன்னேன்:
இன்னும் இரண்டாயிரம்.
மறுமுனையில் யாரோ இருமினார்கள்.
பிறகு சுத்தியல்.
மடிக்காத படுக்கை விரிப்புகளின் மேல்
அப்படியே விழுந்து அழுதேன்.

கப்பலில் மகள் ஐஸ்கிரீம் டப்பாவில் வாந்தியெடுத்தாள்.
துணி துவைக்கும் எந்திரம் வழியில் ஒரு கதவை இழந்தது.
வந்து சேர்ந்த இரவு
வாய்திறந்தால் வீட்டுக்குள்ளேயே புகை.
சின்ன அறைச் சுவரில்
ஜன்னலுக்குக் கீழே பென்சிலில் இரண்டு கோடு,
நடுவே, கவனமான கையெழுத்தில்:
தொட்டில், 124.
பழைய ஆட்கள் எழுதியது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் விறகு கொண்டுவந்தான் ஃபெர்கஸ்.
இறைச்சி ஆலையில் இரவு வேலை,
பகலில் விறகு.
அண்ணன் வீட்டுப் புல்வெளியில் கேரவனில் குடியிருப்பு.
டெல்லாவுக்கு ஜூலையில் பிரசவம்.
நான் கேட்காமலே சொன்னான்,
பட்டை மேலே பார்க்க ஒவ்வொரு கட்டையாக அடுக்கியபடி:
"அன்னிக்கு ஏலத்துல மொத்தமே நாலு பேரு.
எனக்குத்தான் முடியுதுன்னு நெனச்சேன்.
போன்ல யாரோ ரெண்டாயிரம் ஏத்திட்டாங்க."

நான் நாக்கால் என் பற்களைத்
தடவிப் பார்த்துக்கொண்டேன்.

தேநீர் கொடுத்தேன். வேண்டாம் என்றான்.
மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன்,
எதற்கு என்று கேட்டுவிடுவானோ என்று நிறுத்தினேன்.
நான் விட்டுக்கொடுத்திருந்தால்?
எட்டாவது ஏலம். ஒன்பதாவது.
அவனுக்கு மேலே வேறொரு தொலைபேசி
அழைத்திருக்கவும்கூடும்.
இதெல்லாம் கணக்கா, சமாதானமா,
எனக்குத் தெரியவில்லை.

முந்நூற்று அறுபது டாலர்.
இரண்டு முறை எண்ணினான்.
ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை.
குறைத்திருந்தால் அன்றிரவு
அடுப்பைப் பற்றவைத்திருக்க மாட்டேன்.

வண்டியில் ஏறியவன் கண்ணாடியை இறக்கினான்.
"பின்கதவு சும்மா இழுத்தா சாத்தாது.
கொஞ்சம் தூக்கிப் பிடிக்கணும்."

தூக்கிப் பிடித்தேன்.
சாத்திக்கொண்டது.